ஆட்டின் விலை, களவின் விலை

மேய்ச்சல் முடிந்து ஆடுகள் வீடு திரும்பும் நேரத்தில் புதுக்கோட்டை மாவட்டம் ஆவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் எந்த வாசலில் நின்றாலும் இதைப் பார்க்கலாம். பட்டிப் படலைச் சாத்துவதற்கு முன் சொந்தக்காரர் எண்ணுவார். குட்டிகள் தனி, கிடாய்கள் தனி, சினையாடுகள் தனி. ஒன்று குறைந்தால் டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கருவேலங்காட்டுக்குள் போய்விடுவார். எண்ணிக்கை சரியாக வந்த பிறகுதான் அந்த வீட்டில் ராத்திரிச் சோறு.

இந்தக் கட்டுரையும் ஓர் எண்ணிக்கையைப் பற்றியதுதான். நகரத்திலும் கிராமத்திலும் களவு போவது எவ்வளவு, அதன் விலை என்ன, அந்த விலையைக் கொடுப்பது யார்? இதற்கு விடை தேடி திருச்சி நகைக்கடைச் சுவருக்கும் சென்னைத் தெருக் கேமராக்களுக்கும் போகப் போகிறோம். ஆனால் தொடங்க வேண்டிய இடம் ஆவூருக்குக் கிழக்கே, கீரனூர்ப் பக்கம் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை

2021 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்கு முந்தைய இருட்டு. திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன் இரவு ரோந்தில் இருந்தார். பைக்குகளில் ஆடுகளை வைத்துக்கொண்டு சிலர் போவதைக் கண்டார். நிறுத்தச் சொன்னார், அவர்கள் நிற்கவில்லை. தன் பைக்கில் துரத்தினார். பல கிலோமீட்டர் ஓடிய அந்தத் துரத்தல் திருச்சி மாவட்ட எல்லையைத் தாண்டி, புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்து, கீரனூர் அருகே பள்ளத்துப்பட்டி ரயில்வே சுரங்கப்பாதைப் பக்கம் முடிந்தது. அங்கே அவர்களை மடக்கினார். உதவிக்கு ஆள் வருவதற்குள் அவரை வெட்டிக் கொன்றுவிட்டார்கள்.

தனிப்படைகள் அமைக்கப்பட்டன. இரண்டு நாட்களுக்குள் மூன்று பேர் சிக்கினார்கள். அவர்களில் மூத்தவருக்கு வயது 19. மற்ற இருவரும் சிறுவர்கள். பூமிநாதன் குடும்பத்துக்கு 1 கோடி ரூபாயும் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் தரப்படும் என்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அறிவித்தார். இரவு ரோந்து போகும் போலீஸார் ஆயுதத்தோடு போக வேண்டும், உயிருக்கு ஆபத்து வந்தால் துப்பாக்கியைப் பயன்படுத்தத் தயங்கக் கூடாது என்று அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு சொன்னார்.

அந்த நாட்களில் டீக்கடையில் பலரும் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: “ஆட்டுக்காகவா ஒரு உயிர் போச்சு?” கேட்டவர்கள் மனம் நொந்துதான் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு மதிப்பீடு ஒளிந்திருக்கிறது. ஆடு அற்பமான பொருள், அதற்காகப் போராடத் தேவையில்லை என்ற மதிப்பீடு. அந்த மதிப்பீடு தவறு. பூமிநாதன் அப்படி நினைத்திருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருப்பார்.

பெயரிலேயே மாடு இருக்கும் ஊர்

ஆவூர் விராலிமலை வட்டத்தில் இருக்கிறது. திருச்சி–புதுக்கோட்டை சாலைக்கும் திருச்சி–மதுரை சாலைக்கும் நடுவே கிடக்கும் வறண்ட பூமி. வெளியூர்க்காரர்களுக்கு அது பெரியநாயகி மாதா கோயில் ஊர். அந்த ஊரில் வீரமாமுனிவர் பணியாற்றியிருக்கிறார். ஈஸ்டரை ஒட்டி நடக்கும் பாஸ்கா நாடகத்துக்கும் தேருக்கும் எல்லா மதத்தாரும் வருவார்கள். ஊரின் பெயரைப் பிரித்தால் முதலில் நிற்பது ‘ஆ’. ஆ என்றால் பசு.

கால்நடையைக் கவர்வதும் மீட்பதும் இந்த மண்ணில் புறத்திணையாகவே வகுக்கப்பட்டவை. கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. மீட்கப் போய் மாண்டவனுக்கு ஊரார் கல் நட்டார்கள். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி எழுத்து நடுகல், கூடலூர் ஆநிரைப் பூசலில் இறந்த ஒருவனின் பெயரைத் தாங்கி இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நிற்கிறது. புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் பொற்பனைக்கோட்டையிலும் தமிழி எழுத்து பொறித்த நடுகல் கிடைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் கால்நடைதான் செல்வம். ‘மாடு’ என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் இருந்தது.

இன்றைக்கும் இந்தப் பக்கத்து ஏழைக் குடும்பத்தில் அந்தப் பொருள் மாறிவிடவில்லை. வானம் பார்த்த பூமியில் விளைச்சலை நம்பி வட்டிக்கு வாங்க முடியாது. ஆட்டை நம்பி வாங்கலாம். பள்ளிக்கூடம் திறக்கும் ஜூனில் ஒரு கிடாய் விற்கப்படும். ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஒன்று. மகளின் சீருக்கு இரண்டு. அரசுக்கும் இது தெரியும். 2011இல் ஏழைக் குடும்பத்துக்கு நான்கு ஆடுகள் தரும் திட்டம் வந்தது. 2021இல் ஆதரவற்ற, கணவரை இழந்த பெண்கள் 38,800 பேருக்குத் தலா ஐந்து ஆடுகள் என்று அறிவித்தார்கள். வங்கிக் கணக்கில் பணம் போடுவதற்குப் பதிலாக ஆட்டைக் கொடுத்ததற்குக் காரணம் உண்டு. பணம் அப்படியே இருக்கும். ஆடு குட்டி போடும்.

வெள்ளாட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். இரட்டைக் குட்டி சாதாரணம். இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று கிடைக்கும். ஆகவே ஒரு சினையாடு களவு போனால் எழுத்தில் ஒன்று, உண்மையில் மூன்று. அடுத்த வருட ஜூன் மாதமும் அந்த இரவோடு சேர்ந்து போய்விடுகிறது.

களவு நடக்கும் விதமும் மாறிவிட்டது. முன்பு ஒருவன் ஒரு குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். இப்போது பைக்கில் இரண்டு பேர், சில இடங்களில் பின்சீட்டைக் கழற்றிய கார். வாயைக் கட்டிவிட்டால் சத்தம் வராது. நாற்கரச் சாலை ஏறிவிட்டால் ஒரு மணி நேரத்தில் மூன்று மாவட்டம். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்தைய வாரங்களில் நல்ல கிடாய் ஒன்று பத்தாயிரத்தைத் தாண்டிப் போகும். அறுத்துத் தோலை உரித்துவிட்டால் அது யார் வீட்டு ஆடு என்று சொல்ல அதை வளர்த்தவராலேயே முடியாது. காதில் போட்ட வெட்டுக்குறி தலையோடு போய்விடுகிறது.

நகரத்துச் சுவரில் ஒரு துளை

நகரத்தில் ஆட்டின் இடத்தைத் தங்கம் பிடித்துக்கொள்கிறது.

2019 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி. திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே உள்ள லலிதா ஜுவல்லரியைக் காலையில் திறந்தபோது தரைத்தளத்து அலமாரிகள் காலியாகக் கிடந்தன. பக்கத்துச் சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் துளை. உள்ளே வந்த இருவர் விலங்கு முகமூடி அணிந்திருந்தது கேமராவில் பதிவாகியிருந்தது. போனது சுமார் 13 கோடி ரூபாய் மதிப்புள்ள தங்கமும் வைரமும் பிளாட்டினமும். ஊரடங்கிய நேரத்தில், ஆள் நடமாட்டம் மிகுந்த ஒரு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இது நடந்தது.

காவல்துறை அன்றே பல தனிப்படைகளை அமைத்தது. மறுநாள் இரவு திருவாரூரில் வாகனச் சோதனையில் ஒருவர் நகைப் பெட்டியோடு பிடிபட்டார். நகையில் கடையின் அடையாளச் சீட்டு அப்படியே தொங்கியது. சில நாட்களில் கும்பலின் தலைவர் பெங்களூரில் நீதிமன்றத்தில் சரணடைந்தார். காவிரிக் கரையில் புதைத்து வைத்திருந்த தங்கம் தோண்டி எடுக்கப்பட்டது. நகையின் பெரும்பகுதி மீண்டது. தமிழ்நாடு காவல்துறை முனைந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அது நல்ல சாட்சி.

அந்தத் திறமையை மனதாரப் பாராட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்க வேண்டும். 13 கோடி போன கடைக்குக் கிடைத்த வேகத்தில் நூறில் ஒரு பங்காவது, மூன்று ஆடு போன பெண்ணுக்குக் கிடைக்கிறதா? தொகையைப் பார்த்தால் ஒப்பிடவே முடியாது. வீட்டின் மொத்தச் சொத்தில் எத்தனை பங்கு போனது என்று பார்த்தால் தராசு மறுபக்கம் சாயும். பெரிய கடைக்கு இன்ஷூரன்ஸ் உண்டு, வேறு கிளைகள் உண்டு, அடுத்த வாரம் கதவைத் திறக்க வழி உண்டு. ஐந்து ஆடுகளில் மூன்றை இழந்தவர் தன் சொத்தில் பாதிக்கு மேல் இழந்திருக்கிறார்.

தங்கத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2019 அக்டோபரில் சென்னையில் ஆபரணத் தங்கம் பவுன் 30 ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. 2025 ஜனவரியில் 60 ஆயிரத்தைத் தாண்டியது. அதே ஐந்து பவுன் சங்கிலி 2019இல் பறிபோனால் ஏட்டில் ஒன்றரை லட்சம், 2025இல் மூன்று லட்சம். களவு ஒன்றுகூடக் கூடாமலே களவுபோன சொத்தின் மதிப்பு இரட்டிப்பாகிவிடும். ‘கோடிக்கணக்கில் கொள்ளை அதிகரிப்பு’ என்று தலைப்பைப் பார்த்தால், கூடியது களவா பவுன் விலையா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏட்டில் ஏறாதவை

நாட்டின் குற்றக் கணக்கை எடுப்பது தேசிய குற்ற ஆவணக் காப்பகம். மாநிலங்களுக்குத் தனிக் கணக்கு, 20 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் 19 பெருநகரங்களுக்குத் தனிக் கணக்கு. அந்தப் பத்தொன்பதில் தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் உண்டு, திருச்சி இல்லை. லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்பதைக் குற்ற விகிதம் என்கிறார்கள். களவுபோன சொத்தின் மதிப்பும் மீட்கப்பட்ட மதிப்பும் தனி அட்டவணையாக வரும். பெரிய உழைப்பு அது. ஆனால் அந்த அட்டவணையை வாசிக்கும்போது மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றங்கள் இருந்தால் அவற்றில் பெரிய குற்றத்தின் தலைப்பில் மட்டுமே எண்ணுவார்கள். பள்ளத்துப்பட்டியில் நடந்தது ஏட்டில் கொலை என்று ஏறும். அதற்குக் காரணமான களவு அந்த வரிசையில் வராது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தின் மூவர் கொல்லப்பட்டதும், 2025இல் சிவகிரி அருகே தனித்திருந்த முதிய தம்பதி கொல்லப்பட்டதும் அப்படித்தான். சொத்துக் களவின் மிகக் கொடிய முகம் சொத்துக் களவு என்ற தலைப்பின் கீழ் வருவதே இல்லை.

இரண்டாவது, புகார் வேறு, வழக்கு வேறு. களவு என்று புகார் கொண்டுபோனால் பல இடங்களில் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது. விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்பார்கள். ரசீது கையில் இருக்கும், வழக்கு இருக்காது. வழக்கு இல்லையென்றால் அந்த ஆடு புள்ளிவிவரத்தில் தொலையவே இல்லை. ஐ.டி.எஃப்.சி. இன்ஸ்டிட்யூட் 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காகச் சென்னை, பெங்களூரு, மும்பை, தில்லி ஆகிய நான்கு நகரங்களில் சுமார் 20 ஆயிரம் வீடுகளில் கேட்டுப் பார்த்தது. களவுக்கு ஆளானவர்களில் பலர் காவல் நிலையத்துக்கே போகவில்லை. போனவர்களிலும் சிறு பகுதியினருக்கே எஃப்.ஐ.ஆர். கிடைத்திருந்தது. பெருநகரத்திலேயே இப்படி என்றால், பஸ் மாறிப் போக வேண்டிய கிராமத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, விகிதம் கூடுவது எப்போதும் கெட்ட செய்தி ஆகாது. தில்லியில் 2015இல் வாகனத் திருட்டுக்கு இணையத்திலேயே எஃப்.ஐ.ஆர். பதியும் வசதி வந்தது. பதிவது எளிதானதும் எண்ணிக்கை ஏறியது. பெருநகரங்களில் திருட்டு வழக்கு மிகுந்த நகரம் தில்லி என்று ஆண்டுதோறும் படிக்கிறோம். அதில் ஒரு பங்கு களவின் பெருக்கம், இன்னொரு பங்கு பதிவின் நேர்மை. களவு குறைந்திருக்கிறது என்று ஒரு மாவட்டம் மார்தட்டினால், எத்தனை சி.எஸ்.ஆர். ரசீதுகள் வழக்காகாமல் கிடக்கின்றன என்றும் அதே மேடையில் சொல்ல வேண்டும்.

சட்டத்தின் நிலை தெளிவு. புலனறியத்தக்க குற்றம் பற்றிப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லிவிட்டது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் ஒரு சிறிய வாசல் திறந்திருக்கிறது. களவுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்தால், முதல்முறை குற்றவாளி பொருளைத் திருப்பிக் கொடுத்தால், தண்டனை சமூக சேவை. சிறுபிள்ளைத்தனமாகத் தவறியவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் திருத்தும் அந்த நோக்கம் நல்லது. ஆனால் அதே வரம்பு, நீதிபதியின் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலனாய்வு செய்ய முடியாத குற்றம் என்ற வகைக்குள் அந்தக் களவைத் தள்ளிவிடுகிறது. காட்டில் மேய்ந்த ஒரு குட்டியின் மதிப்பை ஸ்டேஷனில் யார் போடுவது? 4,500 என்று எழுதினால் ஒரு பாதை, 5,500 என்று எழுதினால் வேறு பாதை. ஏழையின் பொருள்தான் எப்போதும் இந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது.

மூன்று செலவுகள்

பிரிட்டன் உள்துறை 2018இல் குற்றத்தின் செலவைக் கணக்கிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. செலவை மூன்றாகப் பிரித்தார்கள்: குற்றத்துக்குப் பயந்து முன்கூட்டியே செய்யும் செலவு, குற்றத்தால் நேரும் இழப்பு, குற்றத்துக்குப் பிறகு போலீஸ், கோர்ட், சிறை என்று ஆகும் செலவு. மன வேதனைக்கும் வேலை இழப்புக்கும்கூட மதிப்புப் போட்டார்கள். 2015-16 விலையில் ஒரு வீட்டுக் களவின் மொத்தச் செலவு 5,930 பவுண்டு என்று வந்தது. திருடன் எடுத்துப்போன பொருளின் விலை அதில் ஒரு பகுதி மட்டுமே. நம் ஆண்டறிக்கையில் பொருளின் விலை மட்டும்தான் இருக்கிறது. மற்ற இரண்டையும் நாமே எண்ணிப் பார்ப்போம்.

பயத்தின் செலவு நகரத்தில் கண்ணுக்குத் தெரியும். ஜன்னல் கம்பி, இரட்டைக் கதவு, லாக்கர் வாடகை, அபார்ட்மென்ட் செக்யூரிட்டி, வாசல் கேமரா. சென்னையில் ஏ.கே.விஸ்வநாதன் கமிஷனராக இருந்தபோது ‘மூன்றாவது கண்’ என்று தெருத்தெருவாகக் கேமரா வைக்கும் இயக்கம் நடந்தது. வியாபாரிகளும் குடியிருப்போர் சங்கங்களும் தங்கள் காசைப் போட்டு வைத்தார்கள். லட்சக்கணக்கில் கேமராக்கள் ஏறின, சங்கிலிப் பறிப்பு குறைந்தது. அது நல்ல பலன். ஆனால் காசு போட முடிந்த தெருவுக்குக் கண் கிடைத்தது. முடியாத தெரு இருட்டிலேயே இருந்தது. மஞ்சள் கயிற்றை மட்டும் போட்டுக்கொண்டு தாலிச் சங்கிலியைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு வாக்கிங் போகும் பெண்ணின் பயத்துக்கு எந்த அட்டவணையிலும் கட்டம் கிடையாது.

கிராமத்தில் பயத்தின் செலவு தூக்கம். பத்து ஆடு வைத்திருப்பவர் பட்டிக்குப் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுக்கிறார். நாய் குரைத்தால் எழுகிறார். மார்கழிப் பனியிலும் ஐப்பசி மழையிலும் அதே கட்டில்தான். வயதானவர்கள் முடியாமல் ஆட்டையே விற்றுவிடுகிறார்கள். களவுபோகாத ஆட்டையும் களவு இப்படித்தான் பறிக்கிறது.

பிறகு அலைச்சல். மூன்று ஆட்டைப் பறிகொடுத்த ஒருவர் புகார் எழுதிக் கொடுக்க ஒரு நாள், “ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்காரு, நாளைக்கு வாங்க” என்றதற்கு ஒரு நாள், சந்தை சந்தையாகத் தேட இரண்டு நாள் என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை சமயபுரம் ஆட்டுச் சந்தை, இன்னொரு நாள் மணப்பாறை. 2025-26க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். நான்கு நாளுக்கு 1,344 ரூபாய் கூலி போயிற்று. பஸ் செலவும் டீயும் தனி. இதனால்தான் பலர் இரண்டாவது நாளே “போனது போகட்டும்” என்று விட்டுவிடுகிறார்கள்.

மீண்ட பொருளும் உடனே வீடு வந்து சேருவதில்லை. சாட்சிப் பொருள் என்று பீரோவிலும், வழக்கு வாகனம் என்று ஸ்டேஷன் வாசலில் துருப்பிடித்தும் கிடக்கும். புகைப்படம் எடுத்து, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு, பொருளை உரியவரிடம் விரைவில் ஒப்படைக்க வேண்டும், பதினைந்து நாள் முதல் ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002இலேயே சொல்லியிருக்கிறது. மாவட்ட எஸ்.பி.க்கள் மேடை போட்டு செல்போன்களையும் நகைகளையும் திருப்பிக் கொடுக்கும் படங்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. அந்த மேடை வருடத்துக்கு ஒருமுறை வரும் விழாவாக இல்லாமல் மாதாந்திர வழக்கமாக வேண்டும்.

சந்தேகத்தின் விலை

களவின் செலவில் மிகக் கொடியது இன்னும் மிச்சம் இருக்கிறது.

பூமிநாதன் இறந்து ஓராண்டு ஆவதற்குள், 2022 நவம்பரில், இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரனூர்ப் பக்கம், கோயில் பொருட்களைத் திருடியதாகச் சந்தேகித்து ஒரு குடும்பம் போன ஆட்டோவை விரட்டிப் பிடித்தார்கள். பிள்ளைகளோடு இருந்த அந்த வெளியூர்க் குடும்பத்தைக் கூட்டம் அடித்தது. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

ஊரார் தரப்பில் ஒன்று சொல்வார்கள்: புகார் கொடுத்து அலுத்துவிட்டோம், எங்கள் பொருளை நாங்கள்தான் காக்க வேண்டும் என்று. அந்த அலுப்பு உண்மை. அந்த அலுப்பு ஒரு குழந்தையின் உயிருக்கு ஈடாகாது என்பதும் உண்மை. பதியாமல் விட்ட ஒவ்வொரு புகாரும் ஊர் மனதில் கோபமாகச் சேர்கிறது. ஒருநாள் அது எதிரில் வரும் வலுவில்லாதவர் மேல் இறங்குகிறது. அப்படி அகப்படுவது பெரும்பாலும் நாடோடிக் குடும்பமோ, வெளியூர்க் கூலியோ, தனியாக நடந்துவரும் மனநலம் குன்றியவரோதான்.

கோபம் சீருடை போட்டுக்கொண்டும் வரும். சிவகங்கை மாவட்டம் மடப்புரம் கோயிலில் காவலாளியாக இருந்த இளைஞர், காரில் இருந்த நகை காணவில்லை என்ற புகாரில் விசாரணைக்குப் பிடித்துச் செல்லப்பட்டு 2025 ஜூன் மாதம் இறந்தார். உடலெங்கும் காயங்கள். காவலர்கள் கைதாயினர், வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. சிலம்பு களவுபோனது என்ற ஒரு சொல்லை விசாரிக்காமல் நம்பியதால் மதுரை என்ன ஆனது என்பதைக் காப்பியமாகப் படித்து வளர்ந்த நாடு நம்முடையது. அதே பாண்டி நாட்டு மண்ணில், அதே நகைக்காக, இப்படி ஒன்று நடந்தது நெஞ்சை அறுக்கிறது.

ஒரு சாதியையே திருடர் என்று எழுதிவைத்த கொடுமையும் இங்கே நடந்திருக்கிறது. 1871இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறந்த பிள்ளைக்கும் பெயர் பதிவு, இரவானால் கைநாட்டு. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் மாண்டார்கள், அவர்களில் ஒரு பெண்ணும் உண்டு. சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் நீங்கியது. சில ஊர்ப் பெயர்களைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பழக்கம் இன்னும் நீங்கவில்லை. களவைக் குறைக்க விரும்புகிறவர்கள் முதலில் கைவிட வேண்டியது இதை.

பழைய காவலில் ஒரு பாடம்

மதுரை, திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளில் கம்பெனி ஆட்சிக்கு முன்பு காவல் முறை ஒன்று இருந்தது. ஊர் தானியமாகவோ பணமாகவோ காவல் கூலி கொடுக்கும். களவு போனால் காவல்காரர் துப்புத் துலக்கி மீட்க வேண்டும். மீட்க முடியாவிட்டால் பொருளின் விலையை அவரே ஈடுகட்ட வேண்டும். அந்த முறை பிற்காலத்தில் மிரட்டலாகவும் சீரழிந்தது. மாட்டை ஓட்டிப்போனவனிடமே துப்புக்கூலி கொடுத்து மீட்கும் அவலமும் இருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்ல யாரும் இல்லை. ஆனால் அதன் மையத்தில் ஒரு நியாயம் இருந்தது: காக்கிறேன் என்று கூலி வாங்கியவருக்கு இழப்பிலும் பங்கு உண்டு.

இன்றைக்குக் காவல் கூலி வரியாகப் போகிறது. தீப்பெட்டி வாங்கும்போதும் ஆட்டுக்காரம்மா கொடுக்கிறார். இழப்பு மட்டும் முழுசாக அவர் தலையில். இதைக் கொஞ்சமாவது பகிர்ந்துகொள்ள வழி உண்டு.

ஆடு, மாடு, கோழி என்று எது போனாலும் மதிப்பு என்னவாக இருந்தாலும் அன்றே எழுத்தில் ஏற வேண்டும். மாவட்ட ஏட்டில் கால்நடைக் களவுக்குத் தனி வரிசை வேண்டும். எந்த மாதம், எந்தச் சாலை, எந்த நேரம் என்று எழுதி வைத்தால் அடுத்த தீபாவளிக்கு ரோந்தை எங்கே நிறுத்துவது என்று ஏடே சொல்லும்.

வாங்குபவர் இல்லாமல் களவு இல்லை. களவுப் பொருள் என்று தெரிந்து வாங்குவதும் குற்றம் என்று புதிய குற்றவியல் சட்டத்தின் 317ஆம் பிரிவு சொல்கிறது. சந்தையில் விற்பவரின் பெயரும் போன் நம்பரும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று கட்டாயமானால் விடிகாலையில் வாய் கட்டிய ஆட்டோடு வருபவர் தயங்குவார். இதே ஒழுங்கு அடகுக் கடைக்கும், பழைய செல்போன் கடைக்கும் பொருந்தும். தொலைந்த போனை ஐ.எம்.இ.ஐ. எண்ணால் முடக்கும் மத்திய அரசின் தளம் 2023இல் நாடு முழுவதும் வந்த பிறகு ஆயிரக்கணக்கான போன்கள் திரும்பியிருக்கின்றன. விற்க முடியாத பொருளைத் திருட யாரும் வரமாட்டார்கள்.

அரசு இலவசமாகக் கொடுத்த ஆடு களவுபோனால், எஃப்.ஐ.ஆர். நகலைக் காட்டினால் அரசே மாற்று ஆடு கொடுக்கலாம். கொடுத்தவருக்கே இழப்பில் பங்கு வந்துவிட்டால் கண்டுபிடிக்கும் அக்கறையும் தானாக வரும்.

கிராமத்து ரோந்துக்கு இரண்டு பேர் போக வேண்டும், இரண்டு பேருக்கும் வயர்லெஸ் வேண்டும், மாவட்ட எல்லையைத் தாண்டினால் அடுத்த ஸ்டேஷன் வண்டி தானாகக் கிளம்ப வேண்டும். நடுச்சாமத்தில் தனியாக ஒரு மனிதரைத் துரத்தவிட்டு, மறுநாள் மாலை போடுவது போதாது.

பூமிநாதன் கொலையில் கைதான அந்தச் சிறுவர்களைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில், வீச்சரிவாள் இருக்கும் வண்டியில், இரவு இரண்டு மணிக்கு அவர்கள் இருந்தார்கள். எத்தனை நாள் வகுப்பில் அவர்களைக் காணவில்லை, யாராவது வீட்டுக்குப் போய்க் கேட்டார்களா? அவர்கள் பள்ளியைவிட்டு நின்ற நாளும் இந்தச் செலவுக் கணக்கில் சேர வேண்டிய நாள்தான்.

ஆண்டறிக்கையில் அந்த இரவு ‘கொலை’ என்ற கட்டத்துக்குப் போயிருக்கும். எந்த ஊர்ப் பட்டியில் இருந்து அந்த ஆடுகள் ஏற்றப்பட்டன, அந்த வீட்டில் மறுநாள் மாலை எண்ணியவர் எத்தனையோடு நிறுத்தினார் என்பது எந்தக் கட்டத்திலும் இல்லை. பூமிநாதனுக்கு அந்தக் கணக்கு முக்கியமாகப் பட்டது. யாருடையவை என்றே தெரியாத ஆடுகளுக்காக எல்லை தாண்டிப் போனார்.

ஆவூரில் இன்றைக்கும் பொழுது சாயும். படலைச் சாத்தும் முன் ஒருவர் எண்ணுவார். ஒன்று குறைந்தால் அவர் தேடிப் போவார். ஒன்று குறைந்தது என்று அவர் வந்து சொன்னால், பேனாவை எடுத்து எழுதிக்கொள்ள ஒருவர் அங்கே இருக்க வேண்டும்.